அட்டை இல்லாத சுல்மா

தாரிஹா ஊர் மியூசியத்தில், அறிவியல் ஆசிரியர்களுக்குப் பொருட்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதுதான் பதினேழு வருடமாக சுல்மா அரமாயோவின் வேலை. பார்க்கத்தான் ஒருவருக்கும் வராது. நுழைந்ததும் நோட்டைத் திறந்து, எலும்புக்குக் கீழே இருக்கும் விளக்க அட்டையை எழுத்து விடாமல் நகலெடுப்பார்கள். எலும்பை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அவர்கள் படித்ததும் அப்படித்தான், பிள்ளைகளைப் பழக்குவதும் அப்படித்தான்.

இயக்குநர் எலியோதோரோவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள யாராவது ஒரு வாத்தியார் சொந்தமா ஒரு கேள்வி கேக்கணும் சுல்மா. நான் காதால கேக்கணும். இல்லேன்னா பயிற்சிக்கு மூடுவிழா. இந்தக் கூடத்துல கார்னிவல் ராணிங்க கிரீடத்தைக் காட்சிக்கு வச்சுடுவேன்."

சுல்மா எல்லா அட்டைகளையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வந்த இருபது ஆசிரியர்களும் திகைத்து நின்றார்கள். பிறகு தீயணைப்புக் கருவியில் இருந்ததை நகலெடுத்தார்கள். அதையும் மறைத்தாள். கழிப்பறைக் கதவில் இருந்ததை எழுதினார்கள், தலைப்புக்குச் சிவப்பு மை போட்டு.

மூன்று மணிக்கு அவர்கள் காப்பிக்குப் போனதும், நம்பினால் நம்புங்கள், சுல்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பழங்கால யானையின் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் மணலில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்தவர்கள் அட்டையைத் தேடினார்கள். நகலெடுக்க எதுவும் மிச்சமில்லை.

"ஏங்க, இது உயிரோட இருக்கா?" என்றாள் பெனீட்டா டீச்சர்.

கேள்வி! சுல்மாவுக்குத் துள்ளத் தோன்றியது. ஆனால் இயக்குநர் வந்து கேட்டாக வேண்டுமே. கிடந்தாள்.

நூல் பிடித்து அளந்தார்கள். முகர்ந்தார்கள்.

"இடது கையில சல்த்தேன்யா கறிப்பணியாரத்துச் சாறு வடிஞ்சிருக்கு. அப்போ காலையில செத்திருக்கு. மத்தியானத்துக்கு மேல எந்த மனுஷி சல்த்தேன்யா திம்பா?"

"தின்னதுதான் காலையில. சாவு எப்ப வேணா வந்திருக்கலாமேம்மா!"

"மனுஷின்னு யாருய்யா முடிவு பண்ணது?"

ஐந்து மணிக்கு இயக்குநர் வந்தார். "அடக் கடவுளே, இது நம்ம சுல்மா!"

இருபது பேரும் திரும்பினார்கள். "எதை வச்சுச் சொல்றீங்க சார்?"

"பதினேழு வருஷமா என் எதிர் மேஜை!"

"அது உங்க நினைப்பு சார். ஆதாரம்?"

சுல்மாவின் வயிறு சிரிப்பில் குலுங்கியது. "குலுங்குது, எழுதிக்கோங்க!" என்று கத்தினாள் பெனீட்டா.

இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மணலில் முழங்காலிட்டார்.

"அந்த நூலைக் கொஞ்சம் குடுங்க."

பயிற்சியை மூடும் பேச்சு அன்றோடு நின்றது. சுல்மா உயிரோடுதான் இருக்கிறாள் என்று அவர்கள் ஒப்புக்கொண்டபோது மணி ஏழரை; அதுவும் பன்னிரண்டுக்கு ஒன்பது என்ற வாக்குக் கணக்கில்.