ஜெமிமாவுக்காக ஜெபித்த ஞாயிறுகள்

நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒரு பிள்ளையின் மேல். அவள் பெயர் ஜெமிமா. என் வயதுதான், ஒன்பது. வட்டகொடைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சேர்ச்சில், ஞாயிறு பள்ளி நடக்கும் மூலையில் அவளுடைய படம் ஒட்டியிருந்தது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு மிஷனரிகளாகப் போன ஒரு தம்பதியின் மகள் அவள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றிருந்தாள். அவள் தோளில் அவளுடைய அம்மாவின் கை இருந்தது. எல்லோரும் மூன்று முகங்களையும் பார்த்து ஜெபிப்பார்கள். நான் அந்தக் கையை மட்டும் பார்ப்பேன்.

என் அம்மா அப்போது குவைத்தில் இருந்தார். அப்பா இறந்த மறுவருடம் வீட்டு வேலைக்குப் போனவர். அம்மாவின் தங்கைதான் என்னை வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சித்திக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. விடிந்ததும் எனக்குச் சடை பின்னிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார். சாயங்காலம் ஈரச் சாக்கும் அட்டை கடித்த காலுமாகத் திரும்பி வந்து, முதலில் என் வீட்டுப்பாடத்தைத்தான் கேட்பார்.

மிஷனரிகளைத் தாங்குவது பிள்ளைகளின் வேலையும்தான் என்று ஞாயிறு பள்ளி டீச்சர் சொல்லித்தந்திருந்தார். வீட்டில் சோறு ஆக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோனால், ஆராதனை முடிந்ததும் விற்று, காசை அவர்களுக்கு அனுப்புவார்கள். சித்தி இதில் என்னைவிட மும்முரம். ரொட்டி சுடுகிற நாட்களில் ஒரு பிடி கோதுமை மாவை எடுத்துவைப்பார். “அதுவும் சாப்பாடுதானே” என்பார். எனக்கு வயிறு எரியும். எங்கள் வீட்டு மாவில் ஆப்பிரிக்காவில் ஒருத்தி ரொட்டி தின்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிய்த்துக் கொடுக்க, அவள் தின்கிறாள்.

ஒருநாள் டீச்சரிடம் கேட்டேன்.

“டீச்சர், எங்க அம்மாவும் வெளிநாட்டுலதானே இருக்காங்க. அவங்க படத்தையும் இங்க ஒட்டலாமா?”

“அது வேலைக்குப் போனதும்மா. இவங்க ஊழியத்துக்குப் போனவங்க.”

வித்தியாசம் எனக்கு விளங்கவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியை அம்மா அங்கே தூக்கிக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிழவிக்கு அம்மா யாரோ. டீச்சர் சொல்லித்தந்த ஊழியமும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. ஆனால் அம்மாவுக்காக யாரும் அரிசி எடுத்துவைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, அந்தக் குடும்பத்தோடு கம்ப்யூட்டரில் பேசப்போகிறோம் என்று போதகர் அறிவித்தார். சேர்ச் முழுக்கப் பரபரப்பு. மேசைமேல் போதகரின் லேப்டாப். ஜன்னல் ஓரமாக வைத்தால்தான் சிக்னல் கிடைத்தது என்பதால் மேசையும் ஜன்னலுக்கு நகர்ந்தது, மேசைக்குப் பின்னால் சபையும் நகர்ந்தது. ஆளுக்கொரு கேள்வி என்று டீச்சர் முன்பே பழக்கியிருந்தார். ‘உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்?’ என்பது என் பங்கு.

திரையில் மூன்று பேரும் தெரிந்தார்கள். அங்கேயும் தேயிலைத் தோட்டங்கள் இருப்பதாக ஜெமிமாவின் அப்பா சொன்னதும், ஆப்பிரிக்கா என்றால் சிங்கம் என்று நம்பியிருந்த பையன்களுக்குப் பெரிய ஏமாற்றம். என் முறை வந்தது. லேப்டாப்புக்கு முன்னால் போய் நின்றேன். ஜெமிமாவின் தோளில் அதே கை இருந்தது. பழகிவைத்த கேள்வி மறந்துபோய்விட்டது.

“ராத்திரி நீ உங்க அம்மாகூடவா படுக்கிற?”

டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. படம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஜெமிமாவின் குரல் வந்தது.

“இல்ல. நான் ஹாஸ்டல்ல இருக்கேன். ஸ்கூல் ரொம்பத் தூரம். லீவுக்குத்தான் வந்தேன். நாளைக்குப் போகணும்.”

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. என் பின்னால் பெண்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். “ஐயோ பாவம், பச்சப் புள்ள!” என்று ஒரு அக்கா அழுதே விட்டார். அம்மாவைப் பிரிந்திருப்பதிலும் அவள்தான் முதலிடம். என்னைப் பார்த்து இந்தச் சேர்ச்சில் ஒருவரும் அப்படி உச்சுக்கொட்டியதில்லை.

“நீ?” என்று ஜெமிமா கேட்டாள்.

“நான் தனியாத்தான் படுக்கிறேன்,” என்று சத்தமாகச் சொன்னேன். “எங்க அம்மா குவைத்துல. என்னையப் பாத்துக்க யாருமே இல்ல.”

உச்சுக்கொட்டல் இப்போது என் பக்கம் திரும்பியது. டீச்சர் என்னை அணைத்துக்கொண்டார். ஜெமிமாவின் அம்மா திரைக்குள் இருந்தபடியே எனக்காக ஜெபித்தார். என் பெயரை இரண்டு தடவை சொன்னார். கண்ணைத் திறந்து சித்தியைத் தேடினேன். இந்தப் பெருமையை அவரும் பார்க்க வேண்டுமே. அவர் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே வாசற்படியில் நின்றிருந்தார். பொய் சொன்னதற்கு அடி விழும் என்று பயந்தபடியே அவருக்குப் பின்னால் நடந்தேன். சித்தி திட்டவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் “பசிக்குதா?” என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரியும் வழக்கம்போல அவர் கையைத் தலையணையாக்கித்தான் நான் தூங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா குவைத்திலிருந்து போன் எடுத்தபோது சித்தி வாசலுக்குப் போய் மெதுவாகப் பேசினார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“அக்கா, புள்ள ஏங்கிப் போயிருக்கு. நான் எவ்வளவு பாத்தாலும் நான் நீயாக முடியாது. இந்தத் தடவ அக்ரிமென்ட் முடிஞ்சதும் வந்துரு.”

அம்மா வந்தார். பெட்டி நிறையச் சாமானோடு, கொஞ்சம் கறுத்து, மெலிந்து வந்தார். முதல் ராத்திரியே அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். சித்தி அடுப்பங்கரையில் பாயை விரித்துக்கொண்டார். அடுத்த வாரமே கொழும்பில் கார்மென்ட் வேலை கிடைத்துவிட்டதென்று பையைக் கட்டினார். இருந்துவிட்டுப் போகலாமே என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“இனி நீ இருக்கியே அக்கா,” என்றார் சித்தி.

ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது என் சடையை அவிழ்த்து, அங்கேயே மறுபடி பின்னிவிட்டார். அவசரமே இல்லாமல் பின்னினார். பஸ் வந்துவிடப் போகிறதே என்று நான்தான் பதறினேன். ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கொழும்பைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்தேன். அங்கே கடல் இருக்கிறதாம். பஸ் வளைவில் மறையும்வரை சித்தியின்மேல் பொறாமைப்பட்டபடி நின்றுகொண்டிருந்தேன்.