காயப் போட்ட முத்திரைகள்

கடற்காற்று முத்திரைக்கு ஆகாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தபால் கந்தோரைப் பொறுப்பாக நடத்துகிற எனக்கு இது தெரியும். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்து சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. மாரி தொடங்கினால் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்த முத்திரைத் தாள்கள்கூட ஈரம் பிடிக்கும். பின்பக்கப் பசை இளகி, ஒரு தாள் மற்றத் தாளோடு ஒட்டிக் கட்டியாகிவிடும்.

விதிப்படி அந்தக் கட்டியைப் பழுதானது என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் புதியது எப்போது வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதுவரை வருகிறவர்களிடம் முத்திரை இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பேச்சு வாங்க வேண்டும். முத்திரை இல்லாத தபால் கந்தோரை எதற்குத் திறந்து வைத்திருப்பது? அதனால் நான் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய பத்திரிகையில் பரப்பி, மின்விசிறியின் கீழே காயவிட்டேன். கடிதத்தில் ஒட்டும்போது புதிதாகப் பசை தடவினால் சரி.

அப்படிக் காய்ந்துகொண்டிருந்த நாளில்தான் தபால் திணைக்களப் பரிசோதகர் வந்தார்.

“இதென்ன மிஸ்?”

“ஒட்டிப்போச்சு சேர். பிரிச்சுக் காயவிட்டிருக்கிறன்.”

“எதில ஒட்டியிருந்தது?”

அவர் கேட்ட விதத்திலேயே என்ன நினைக்கிறார் என்று விளங்கிவிட்டது. பசை போன, சீல் விழாத, தண்ணீரில் ஊறிய முத்திரைகள். ஆட்கள் தந்த கடிதத்தில் இருந்து, சீல் அடிக்க முன்னம், முத்திரையைக் கழற்றி, கடிதத்தை எறிந்துவிட்டு, முத்திரையைத் திரும்ப விற்கிறவளின் மேசையும் அச்சொட்டாக இப்படித்தான் இருக்கும். தபால் ஊழியர் அதைச் செய்தால் சிறை, தண்டப்பணம். வேலையும் ஓய்வூதியமும் அதோடு போய்விடும். வேலைக்குச் சேர்ந்தபோதே எங்கள் காதில் ஓதியிருந்தார்கள்.

இன்னும் பிரிக்காத கட்டியைத் தூக்கிக் காட்டினேன். “இதைப் பாருங்கோ சேர்.”

“அதைப் பாக்கிறன். ஆனா இதுகளும் அதில இருந்துதான் வந்ததெண்டு எப்பிடி நம்புறது?”

கணக்கைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்: களவு செய்கிறவர்கள்தான் கணக்கை வடிவாக வைத்திருப்பார்களாம். கணக்குப் பிழையாக இருந்தாலும் குற்றம், சரியாக இருந்தாலும் குற்றம். விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மரக்கறிக் கடைக்குப் போனால் ஆட்களின் கதை நின்றுவிடும். நான் திரும்பியதும் மறுபடி தொடங்கும்.

வழக்கமாகக் கடிதம் போடுகிறவர்களிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மீன் விற்கும் அக்கா. போரில் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஊராட்கள் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். அரசாங்கம் எடுத்துக்கொண்ட இவருடைய காணித் துண்டு மட்டும் இன்னும் கையில் வரவில்லை. அதைக் கேட்டுக் கந்தோர் கந்தோராகக் கடிதம் எழுதுவிப்பார். பதிவுத் தபாலில் போடச் சொன்னால் காசு காணாது என்பார். மீன் எடுத்த கையோடு வந்து, கடிதத்தையும் முத்திரைக் காசையும் என்னிடம் தந்துவிட்டு, மீன் பழுதாக முன்னம் ஓடிவிடுவார். ஒட்டுவதும் சீல் அடிப்பதும் நான்தான். ஒரு கடிதத்துக்கும் பதில் வந்ததில்லை.

அவருடைய வாக்குமூலத்தின் பிரதியைப் பிறகு வாசித்தேன். சீல் அடித்ததைக் கண்டீர்களா என்ற கேள்விக்கு, இல்லை, மிஸ்ஸை நம்பிக் கொடுத்துவிட்டுப் போவேன் என்று சொல்லியிருந்தார். உண்மைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் பரிசோதகரிடம் ஒன்றைத் திருப்பிக் கேட்டிருந்தார். தன் கடிதங்களுக்குப் பதில் வராததற்கு இதுதான் காரணமா என்று.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை. அவருடைய கடிதங்களை வாங்கி, வாசித்தோ வாசிக்காமலோ கோப்புக்குள் செருகிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்கள் மேல். முத்திரையைத் தொட்ட எனக்குச் சட்டம் இருக்கிறது. பதில் எழுதாத அவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆண்டாண்டாக அவர்கள் செய்த வேலைக்கு இப்போது கள்ளி நான்.

கடைசியில் குற்றத்தை நிரூபிக்கப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தார்கள். குற்றம் செய்யவில்லை என்று ஒரு வரி எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய கிழமையே அக்கா வந்தார். மீன் கூடையை வாசலில் இறக்கினார். கடிதத்தைத் தந்தார், ஆனால் போகவில்லை. நான் முத்திரையை ஒட்டி, அவர் கண் முன்னாலேயே சீல் அடித்தேன். குனிந்து பார்த்தார்.

“குறை நினைக்காதேங்கோ மிஸ்.”

“இல்லையக்கா. பாக்கிறது நல்லதுதான்.”

“இண்டைக்குக் கண்ணால கண்டிட்டன். இந்த முறை பதில் வரும், என்ன?”

“ஓம் அக்கா, வரும்.”

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். பதில் வந்தால், முந்திய கடிதங்களை எறிந்தவள் நான்தான் என்று அவருக்கு முடிவாகிவிடும். வராவிட்டால்தான் என் பெயர் தப்பும். கடிதத்தைத் தபால் பைக்குள் போடும்போது, வரக் கூடாது என்று நினைத்தேன். அந்த மனுசிக்குக் காணி கிடைக்கக் கூடாது என்று நினைக்கிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்கள்.