புது பெயிண்டு அடிச்ச கமியோன்

அதத் தெரிஞ்சுக்கிட்டு உனக்கென்னடி ஆவப்போவுது? சோத்தத் தின்னமா, கையக் கழுவினமான்னு இல்லாம, "தாத்தா பட்டாளத்துல என்ன கிழிச்சாரு"ன்னு வந்து நிக்கிற. காக்கி நிக்கரக் கிழிச்சாரு. நாந்தான் தச்சேன். சரி, உக்காரு.

சைகோன்ல பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல உங்க தாத்தா டிரைவரு, நானும் அவரோட அங்கதான் குடித்தனம். காரைக்கால்ல கப்பல் ஏறுறவரைக்கும் மாட்டு வண்டிகூட ஓட்டினதில்ல. அவருகிட்ட ஒரு பழைய கமியோன் இருந்துச்சு, சிப்பாய்ங்கள ஏத்திக்கிட்டுப் போற லாரி. பெரிய சண்டையப் பாத்த வண்டிம்பாரு. பாத்தா, தோத்த பக்கம் நின்ன வண்டி மாதிரிதான் இருக்கும்.

ஆயுத பூசை வந்துச்சு. எல்லாரும் வண்டியக் கழுவிப் பொட்டு வைப்பாங்க. இவருக்கு அது பத்தல. வண்டி நிறுத்துற கொட்டாயில கெடந்த பட்டாளத்துப் பச்சைப் பெயிண்ட யாரையும் கேக்காம எடுத்தாரு. வண்டியும் அதே பச்சைதான், எவன் கண்டான்? லைட்டையெல்லாம் கழட்டி, அதோட காலு, அது உக்கார்ற எடம், மட்கார்டு, எல்லாத்துக்கும் ரெண்டு பூச்சு. மறுபடி மாட்டி, சந்தனம், குங்குமம், மாலை. கல்யாண மாப்ள கெட்டாரு. மறுநாள் சுவிச்சப் போட்டா ரெண்டு லைட்டும் செத்துக் கெடக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பித்தேன், அதான் பெரிய ஆபீசரு, வந்து வண்டியெல்லாம் பாப்பாரு. லைட்டு எரியலன்னா வேல போச்சு, கப்பல் ஏத்தி ஊருக்கே அனுப்பிடுவாங்க. 

செர்ழான் ஒருத்தன், சார்ஜென்டத்தான் அங்க அப்புடிச் சொல்லுவாங்க, வெள்ளக்காரன், மீசையத் தடவிக்கிட்டே வந்தான். "பல்பு போச்சு"ன்னான். பல்ப நேரா பேட்டரியில வச்சா பளிச்சுன்னு எரியுது. "அப்ப பேட்டரி போச்சு"ன்னான். ஹாரன அமுக்கினா கொட்டாயே அதிருது. "அப்ப நீதான் சரியில்ல"ன்னுட்டுப் போய்ட்டான். அடுத்த வூட்டுக் குமாஸ்தா, தன்னைய பாதி பிரெஞ்சுக்காரன்னே நெனச்சுக்கிட்டிருந்தவரு, "காயிதம் எழுதிப் போடு, பாரீசுலேருந்து ஆளு வரும்"னாரு. இவரு தன் பங்குக்கு நாலு எலுமிச்சம்பழத்தச் சக்கரத்துல நசுக்கிட்டு, வயரு மொத்தத்தையும் மாத்தினாரு. ம்ஹும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு கொண்டுபோனேன். ஒரு பல்புல ரெண்டு வயரக் கட்டி வச்சிருந்தாரு. ஒரு நுனிய லைட்டுக்கு வர்ற வயர்ல வச்சுக்கிட்டு, "இந்தா, இந்த நுனிய இரும்புல எங்கயாச்சும் வச்சுப் புடி, கரண்டு வருதான்னு பாப்போம்"னாரு. மட்கார்டுல வச்சேன். எரியல. தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்குக் கை வலிச்சுது, நுனிய எடுத்து இஞ்சின்ல வச்சேன். அங்க சோம்பல்ல பெயிண்டு அடிக்காம வுட்டிருந்தாரு. எரிஞ்சுது!

"ஏங்க, நீங்க அழகு பண்ணாத எடத்துலதான் எரியுது."

"சும்மா கெட. உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. வயர்ல போற கரண்டு வண்டி ஒடம்பு வழியாத்தான் திரும்பி வரணும்னு நீங்கதான சொன்னீங்க? ஒடம்பு பூரா பெயிண்டப் பூசி வழிய அடைச்சுப்புட்டா, அது எப்புடிங்க வரும்?"

மட்கார்டையும் இஞ்சினையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, "அடியே, கத்தாத. பெயிண்டு சமாச்சாரம் செர்ழானுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே கப்பலு"ன்னாரு.

சொரண்ட உளி கேட்டா, எதுக்குன்னு செர்ழான் கேப்பான். வூடு கொட்டாய்க்குப் பின்னாலதான. ஓடிப்போயி தேங்கா துருவிய முந்தானையில மறைச்சு எடுத்தாந்தேன். லைட்டக் கழட்டி, அதோட காலையும் அது உக்கார்ற எடத்தையும் வெறும் இரும்பு தெரியிற வரைக்கும் நான் துருவினேன். அவரு யாராச்சும் வர்றாங்களான்னு பாத்தாரு. அது அவருக்கு நல்லா வரும்.

சாயங்காலம் கப்பித்தேன் வந்து போடச் சொன்னாரு. ரெண்டு லைட்டும் அவரு மூஞ்சியிலயே அடிச்சுது. கண்ணக் கசக்கிக்கிட்டு நல்லாருக்குன்னு தலையாட்டினாரு. ஒடனே செர்ழான் முன்னால வந்து, தான்தான் சொல்லிக்குடுத்ததா மீசைய முறுக்கினான்.

அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எப்புடி எரிஞ்சுதுன்னு கேட்டாளுவ. "எல்லாம் எங்க வூட்டுக்காரரு மூள"ன்னேன். மறுநாள் குமாஸ்தா பொண்டாட்டி துருவிய எரவல் வாங்கிட்டுப் போயி, கிண்ணத்தோட திரும்பி வந்தா.

"ஏங்க்கா, தேங்காப்பூ பச்சையா வருது?"

"பட்டாளத்துக் கொல்லையில காய்ச்ச தேங்காடி. அந்த நெறத்துலதான் இருக்கும்"னேன்.