ஐஸ் பெட்டியில் வந்த ஈரல்

தாராவியில் அந்தச் சந்துக்காரர்களுக்கு ஜெயசீலி 'ஈரல் வளக்கிறவ'. செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. மாற்று அறுவைக்கு ஆகாதென்று ஒதுக்கிய மனித ஈரல்களிலிருந்து செல்களைப் பிரித்து, தட்டுகளில் போட்டு, மீடியம் என்கிற சத்துநீரை ஊற்றி உயிரோடு வைத்திருக்க வேண்டும். என்ன ஊற்றினாலும் ஒரு வாரம் தாங்குவது அபூர்வம். மாட்டுங்காவிலிருந்து வரும் டாக்டர் வானமாமலை அதற்காகவே கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு போட்டு வைத்திருந்தார். செல்லுக்குள் எது போகிறது, எது எதுவாக மாறுகிறது, எது கழிவாக வெளியேறுகிறது என்று ஆயிரக்கணக்கான வினைகளைக் கோத்த கணக்கு. மீடியத்தில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று அது சொல்லும். ஜெயசீலி அப்படியே கலந்து ஊற்றுவாள்.

வீட்டில் அவள் புருஷன் தனசீலனின் ஈரல் சுருங்கிக்கொண்டிருந்தது. ரெக்ஸின் பை தைக்கிறவன். குடித்தவனில்லை, காமாலைக் கிருமி வருஷக்கணக்காக உள்ளேயே இருந்து தின்றுவிட்டது. ஈரலில் ஒரு பகுதி கொடுக்க ஜெயசீலியின் ரத்த வகை சேரவில்லை. அவன் அக்கா ஜெனிக்குச் சேர்ந்தது. ஆனால் ஜெனி வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அந்த உறுத்தலை ஜெனி வாயால் தீர்த்துக்கொண்டாள்.

"ஊரான் ஈரலுக்கெல்லாம் சோறூட்டுத. கட்டுனவனுக்கு ஒரு துண்டு கொண்டாரதுக்கு வக்கில்ல, என்னட்டி?"

"அது தட்டுல ஒட்டிக் கெடக்க செல்லு மைனி. வயித்துல வச்சுத் தைக்க முடியாது."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா."

ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ஈரல் இருக்கிறது, வகை சேருகிறது, எதுவும் சாப்பிடாமல் உடனே வாருங்கள் என்றார்கள். தனசீலனுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, வயிற்றைச் சிரைத்துப் படுக்கவைத்த பிறகு சர்ஜன் வெளியே வந்தார். ஈரல் முழுக்கக் கொழுப்பு. வைத்தால் வேலை செய்யாது.

"எனக்குன்னு வந்தது பாரு," என்று டாக்சியில் சிரித்தான் தனசீலன். "கறிக்கடையில வச்சாக்கூட ஒருத்தன் வாங்க மாட்டான்."

மறுநாள் காலை ஜெயசீலியின் மேஜையில் ஐஸ் பெட்டி இருந்தது. பெயர் எழுதமாட்டார்கள். ஆண், நாற்பத்தொரு வயது, பி பாசிட்டிவ், கொழுப்பு மிகுதி. மூடியைத் திறந்தாள். பழுத்த மாம்பழம்போல மஞ்சளாக, வழவழவென்று கிடந்தது. நேற்று தனசீலனுக்கென்று வந்தது இதுதானா என்று யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அறுக்கத் தொடங்கினாள்.

வானமாமலைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இது நமக்குன்னே வந்திருக்கு, ஜெயசீலி! கொழுப்பை அதுவே எரிச்சுக்கறதான்னு பாத்துடலாம். சர்க்கரையைக் குறைங்கோ. கொழுப்பை எரிக்க உதவற கார்னிடினைக் கூட்டுங்கோ. கணக்கு அப்படித்தான் சொல்றது."

தினமும் பழைய மீடியத்தை உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்றினாள். வழக்கமான வாரம் தாண்டியும் செல்கள் சாகவில்லை. மைக்ராஸ்கோப்பில் சோப்பு நுரைபோல அடைந்திருந்த கொழுப்புத் துளிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. வீட்டில் தனசீலனின் வயிறு நீர் கோத்து உப்பிக்கொண்டே போனது.

"இன்னைக்கு தட்டுல கெடக்க ஒன் பிள்ளையளுக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்பான். ஒருநாள் வேறு கேட்டான். "ஏட்டி, எனக்கு வந்துச்சே, அந்த ஈரல என்ன செஞ்சிருப்பாங்க?"

அவன் வீங்கிய பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஆஸ்பத்திரிக் கழிவு போடுத மஞ்சப் பையில போட்டு எரிச்சிருப்பாங்க."

"நல்லதுதான். எவனுக்காவது ஆயிருந்தா வயித்தெரிச்சலா இருந்திருக்கும்."

மறுநாள் வானமாமலையிடம் கேட்டாள். "சார், முழு ஈரலுக்கே இந்த மீடியத்த ஓட்டிக் கொழுப்பக் கரச்சா, ஆளுக்கு வைக்கலாமா?"

"பேஷா வைக்கலாம். அதுக்குத்தானே இவ்வளவும்! இன்னும் பத்து வருஷம் ஆகும்னு வச்சுக்கோங்கோ."

கடைசியாக எடுத்த படத்தில் ஒரு துளி கொழுப்பு இல்லை. வானமாமலை எல்லோருக்கும் பேடா கொடுத்தார். ஜெயசீலி அதை வாயில் போட்டபோது ஜெனியின் போன் வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னிலையில் ஜெனி கத்தினாள். "ஊரான் ஈரலு உசுரோட கெடக்கு! எந்தம்பி போயிட்டானே!"

ஜெயசீலி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று வானமாமலை குரலைத் தாழ்த்தித் துக்கம் விசாரித்தார். பிறகு, "நீங்க இல்லாதப்போ நானே ஊத்தினேன். இன்னும் ஜோரா இருக்கு. ஆனா டேட்டா போறும். எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிடுங்கோ."

மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை குனிந்து பார்த்தாள். நுரை அகன்ற செல்கள் ஒன்றையொன்று தோளுரசிக்கொண்டு சுத்தமாக நின்றன. ப்ளீச் ஊற்றினாள். வெளுத்தன, பிறகு தட்டைவிட்டு உரிந்து மிதந்தன. மஞ்சள் பையில் போட்டு வாயைக் கட்டி, எரிக்கக் கொண்டுபோகிறவனுக்காகக் கதவோரம் வைத்தாள்.