சத்தம் போடத் தெரியாத கங்காணி

இலங்கையின் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கங்காணியாக இருந்தவர் வீரய்யா. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறும்போதே யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விசாரித்துக்கொண்டு நடப்பார். பால்குடிப் பிள்ளை உள்ளவர்களைப் பாதையோரத்து நிரையில் விடுவார். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்து நிரைக்காரி தானாகவே கை கொடுப்பாள். அந்தத் தோட்டத்தில் அவருடைய ஆட்களின் கூடைதான் முதலில் நிறையும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் புதிய கண்டாக்கு வந்தார். மலை வேலை முழுவதையும் மேற்பார்க்கும் அதிகாரி அவர். வந்த சில நாளில் வீரய்யாவைத் தனியே கூப்பிட்டார்.

"பொம்பளைங்ககிட்ட சிரிச்சுப் பேசுற கங்காணி எனக்கு வேணாம். ஒன் சத்தம் ரோட்டுக்குக் கேக்கணும். இல்லாட்டி வேற ஆள் இருக்கு."

அன்றிலிருந்து வீரய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதே கூட்டத்தில் கொழுந்தெடுத்த மனைவி அழகம்மாவிடம்கூட விஷயத்தைச் சொல்லாமல் கத்தத் தொடங்கினார். பெண்கள் முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு மலையில் பேச்சே நின்றுபோயிற்று. அவரவர் நிரையை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். கூடையில் முற்றிய இலை சேர்ந்தது, நிறுவையில் எடை குறைந்தது. கண்டாக்கு வீரய்யாவை ஏசினார். வீரய்யா அந்தப் பெண்களை ஏசினார்.

ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. செங்குத்தான சரிவில் நின்ற ராக்காயி, கால் வழுக்குகிறது, மேலே வந்துவிடட்டுமா என்று கேட்டாள். வீரய்யா நிமிர்ந்து பார்த்தார். ரோட்டில் கண்டாக்கு நின்றுகொண்டிருந்தார்.

"எறங்கி எடு" என்று வீரய்யா கத்தினார்.

அடுத்த அடியிலேயே ராக்காயி சறுக்கி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். கணுக்கால் முறிந்துபோயிற்று. வீரய்யா பதறி ஓடினார். அவளைத் தூக்கக் குனிந்தவரை அழகம்மா தடுத்தாள்.

"நீங்க தொடாதீங்க. ஐயா பாத்துக்கிட்டு நிக்கிறாரு. போயி சத்தம் போடுங்க."

மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்பாகவும் வீரய்யா கண்டாக்கின் எதிரே போய் நின்றார்.

"என்னால முடியாதுங்கய்யா. பயந்தா அவங்களுக்குக் கை ஓடாது. எனக்கும் ஓடல. வேற ஆளப் போட்டுக்குங்க."

கண்டாக்கு அவரைக் கவ்வாத்து வெட்ட அனுப்பிவிட்டு வேறொரு கங்காணியைப் போட்டார். கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தபோதும் வீரய்யாவுக்கு மனம் நிலைகொள்ளவில்லை. வேலை முடிந்ததும் ராக்காயியின் லயத்து வீட்டுக்குப் போவார். உள்ளே நுழையத் துணிவில்லாமல் வாசலிலேயே நிற்பார். ஒருநாள் மழையில் நின்றவரை அவளே கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கண்ணே. எம்புட்டு நேரம் நனைவீங்க?"

புதுக் கங்காணியின் கீழ் எடை இன்னும் சரிந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய தொரை காரணம் கேட்டதும் கண்டாக்கு வீரய்யாவுக்கு ஆள் அனுப்பினார். மழையில் யாரை எங்கே இறக்குவது என்பதைத் தானே முடிவு செய்வதானால் வருவதாக வீரய்யா சொன்னார். கண்டாக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, செய்துபார் என்றார்.

பெண்கள் பழையபடி பேசப் பல வாரங்கள் ஆயின. எடை ஏறியது. ராக்காயியின் கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலையை அவளுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் வீரய்யாதான். அப்புறம் மலையில் மேகம் இருட்டினால் அவர், கண்டாக்கு எங்கே நிற்கிறார் என்று பார்க்காமல் எல்லோரையும் மேலே வரச் சொல்லிவிடுவார்.