ஹேசலின் கண் மருந்து

காலை ஒன்பதரைக்கு ஹேசல் தொலைபேசியில் அழைத்தாள். "நெவில் போயிட்டான். தூக்கத்துலயே. டாக்டர் வந்து பாத்துட்டாரு. நீ கொஞ்சம் வா."

நெவில் ஆக்ராய்ட் என் நண்பன். ஹாலிஃபாக்ஸ் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போட்டவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய எங்கள் ஊர்க் கணவர்கள் அனைவரும் மனைவியிடம் ஒரே பொய்யைச் சொன்னார்கள்: "வீட்டு வேலைக்கு உதவும்." சொல்லிவிட்டு விளையாட்டுத் திரையில் விண்கலங்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நெவில் ஒருவன்தான் தன் பொய்யைத் தானே நம்பினான். அது உதவுகிறது என்று ஹேசல் ஒரே ஒரு முறை சொல்லிவிட வேண்டும். அவனுக்கு வேறு லட்சியமே கிடையாது.

பத்திரிகையில் அச்சான கம்ப்யூட்டர் நிரல்களை ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டான். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். பிறகு சொந்தமாகவே ஒன்று எழுதினான்: ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்று சொல்லும் நிரல். அதைக் கேட்க டிவியின் ஆன்டெனா வயரைப் பிடுங்கி கம்ப்யூட்டரைச் செருக வேண்டும். நிரல் பதிந்த கேசட்டை ஓடவிட்டு, அது கீச்சிட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஹேசலின் தொடர் ஓடும் நேரத்தில்தான் அவனுக்கு இதெல்லாம் தோன்றும்.

"பட்டாணி இருக்கான்னு பாக்க என் நாடகத்தை நிறுத்துவியா? கதவைத் திறந்தா தெரியுமே!"

"திறந்து எடுத்துட்டே, பதிவு பண்ணியா? இதுல இன்னும் ரெண்டு பொட்டலம் இருக்குன்னு காட்டுது."

"அப்போ அந்தப் பட்டாணியையே வேகவெச்சுத் தின்னு, மகராசா."

நாற்பது ஆண்டுகள் இப்படியே போயின. மற்றவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பரணில் போட்டார்கள், நெவில் போடவில்லை.

இந்த வசந்தத்தில் ஹேசலின் பார்வை மங்கியது. இரண்டு மருந்துக் குப்பிகள். காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று, நாளுக்கு நாள் அளவு மாறும். போனில் தெரியும் எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உன் பழைய பெட்டியில எழுத்தெல்லாம் செங்கல் மாதிரி பெருசா வருமே. இன்னிக்கு எந்த மருந்து, எத்தனை சொட்டுன்னு அதுல போட்டுக் குடேன். உதவியா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை நாங்கள் கூடும் கிளப்பில் எங்களுக்கு அவனே கேக் வாங்கித் தந்தான். "உதவியா இருக்கும்னு சொன்னாடா! அவ வாயாலயே!"

"ஒரு மதியத்து வேலைதானே, முடிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"நீ வேற. முதல்ல திரையில வர்ற முகப்பு நல்லா வரணும்ல!"

ஐந்து வாரம் முகப்பு செய்தான். ஹேசல் தினமும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் குப்பியைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று நான் போனபோது, காலை மருந்துக்கு நேரமாகிவிட்டது என்றாள் ஹேசல்; அவள் சொன்னபடி பெட்டியை ஓடவிட்டேன். திரையின் ஓரங்களில் வண்ணப் பட்டைகள் ஓடின. நெவிலின் பெயர் எழுத்து எழுத்தாக வந்து மின்னியது. அவனே இயற்றிய ஒரு மெட்டு வாசித்து முடிந்தது. பிறகு, செங்கல் அளவில்: 'காலையா, மாலையா?'

"காலைன்னு தட்டு," என்றாள் ஹேசல். டிவிக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டினேன். திரை வெறுமையானது. நிரலை வரிவரியாகப் பார்த்தேன். மெட்டுக்கு மட்டும் மூன்று பக்கம். மருந்துக்கான இடத்தில் தனக்குத்தானே ஒரு குறிப்பு போட்டு வைத்திருந்தான்: 'சொட்டுக் கணக்கு, ஹேசலிடம் கேட்டு எழுத வேண்டும்.'