எண்ணாமல் போட்ட கையெழுத்து

அன்பான சகோதர சகோதரிகளே, நான் ஒரு பொய் சொல்லிவிட்டு, அது வெளியே தெரியக் கூடாது என்று ஆண்டவரிடமே ஜெபித்தவள். அந்த ஜெபத்தை அவர் கேட்கவில்லை. அதற்காகத்தான் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி இதை எழுதுகிறேன்.

அப்போது ஆம்பூரில் சி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்புக்குப் பரீட்சை மட்டும் போதாது. இரண்டு வருடம் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்துப் பழக வேண்டும். பயிற்சி முடித்தாள் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆடிட்டர் மேடம் அதிகம் பேச மாட்டார். பொய்க் கணக்கு எழுதிய ஒருவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியவர் என்று கேள்வி.

மார்ச் கடைசி நாள். ஒரு தோல் தொழிற்சாலையில் சரக்கு எண்ண என்னைத் தனியாக அனுப்பினார். வெட் ப்ளூ, அதாவது குரோம் போட்டு நீல நிறத்தில் ஈரத்தோடு பேலட் என்ற மரத்தட்டுகளில் அடுக்கி வைக்கும் தோல். குடோன் பொறுப்பில் இருந்தவர் நம் சபையின் தேவதாஸ் அண்ணன். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவர்.

"உள்ள புழுக்கம் ஜாஸ்தி தங்கச்சி. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ" என்றார்.

அவர் சொன்னார். வாசலில் நின்றே எழுதினேன். நானே எண்ணுகிறேன் என்று சொன்னால் அவரைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். 'நேரில் எண்ணிச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் மேடம் கேட்டார். "நீயே எண்ணுனியா?"

"எண்ணினேன் மேடம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தச் சரக்கு முழுவதும் கன்டெய்னரில் ஏறப் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஏற்றும்போது ஒன்று குறைந்தாலும் நான் மாட்டிக்கொள்வேன். என் படிப்பு போய்விடும். ஆண்டவரே, கணக்கு சரியாக இருக்கட்டும், யாரும் கேட்காமல் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்ப ஜெபித்தேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். என்ன விண்ணப்பம் என்று கேட்டார்கள். பரீட்சைக்காக என்றேன். இரண்டாவது பொய். எனக்காக எழுந்து ஜெபித்தது யார் தெரியுமா? தேவதாஸ் அண்ணன். கண்ணீரோடு ஜெபித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே என் ஜெபம் மாறியது. என்னைக் காப்பாற்றும் என்று கேட்பதை விட்டுவிட்டு, உண்மையைச் சொல்ல தைரியம் தாரும் என்று கேட்டேன்.

சனிக்கிழமை காலை மேடமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் போறோம். உன் விஷயத்த அப்புறம் பேசலாம்."

திங்கட்கிழமை நானே உள்ளே போய் ஒவ்வொன்றாக எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. மனசு லேசானது. ஆனால் கடைசி வரிசையில் தார்ப்பாயைத் தூக்கினால் தோல் முழுவதும் பூசணம். ஏழு பேலட். அப்படியே ஏறிப் போயிருந்தால் வாங்குகிறவர் திருப்பி அனுப்பியிருப்பார். பழி குடோன் பொறுப்பாளர் தலையில் விழுந்திருக்கும். அண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

அவர் மேடம் முன்னாலேயே சொல்லிவிட்டார். "நானும் எண்ணல தங்கச்சி. பொறுப்பு எடுத்து பத்து நாள்தான் ஆச்சு. பழைய ஆளு புக்குல எழுதி வெச்சதத்தான் வாசிச்சேன்."

அந்த ஏழும் அன்றே தனியாக எடுத்து வைக்கப்பட்டன. அண்ணன் வேலை தப்பியது. மேடம் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆறு மாதம் தனியாக எங்கும் கையெழுத்துப் போடக் கூடாது என்று மட்டும் சொன்னார். போடவில்லை. பயிற்சி முடிந்த நாளில் அவர் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களிடமும் மூடி வைத்த ஒன்று இருக்கலாம். அது மூடியே இருக்கட்டும் என்று கேட்காதீர்கள். திறக்கத் தைரியம் கேளுங்கள். அவர் தருவார். எனக்குத் தந்தார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணனிடம் காட்டி அனுமதி கேட்டேன். நிதானமாகப் படித்தார்.

"ஏழு பேலட்டுன்னு போட்டிருக்கியே. எண்ணித்தான எழுதின?"

"எண்ணித்தான் எழுதினேன் அண்ணா."